சிறிது காலம் சென்னையில் பணியாற்றினார்

அக்கா,

இன்று மதியம் தொலைக்காட்சியில் நீங்கள் ஒரு கர்ப்பிணியை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டீர்கள். நான் அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தள்ளிவிட்ட பிறகு விழுந்தவளைப் பார்க்கவில்லை நீங்கள். படிக்கட்டுக் கைப்பிடியில் தூசி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தீர்கள். அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. சமையல் எண்ணெய், மூட்டுவலித் தைலம், நகைக்கடை எல்லாம் வரிசையாக வந்து போன பிறகு பார்த்தால் அவள் இன்னும் கீழேதான் கிடந்தாள், நீங்கள் இன்னும் மேலேதான் நின்றீர்கள். வீட்டில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் சத்தமாகவே கேட்டேன்: "அக்கா, நல்லா இருக்கீங்களா?"

அந்தப் படிக்கட்டின் கதையை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். கோடம்பாக்கத்தில் பலகையும் காகிதமும் ஒட்டிச் செய்தது. விழுந்தது கதாநாயகி அல்ல. அவருக்குப் பதிலாகப் புடவை கட்டிக்கொண்டு உருண்டவர் ஒரு சண்டை நடிகர். மீசையை எடுக்க முடியாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் முந்தானையால் முகத்தை மூடிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் தள்ளிவிட்ட கையோடு நீங்கள் கீழே ஓடிப்போய், "அண்ணே, அடி பலமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டாராம். ஒரு தலைமுறைப் பெண்கள் கைக்குட்டை நனைய அழுதது ஒரு மீசைக்காரருக்காக என்பதைத் தமிழ் இலக்கிய வகுப்பில் அவலச் சுவை நடத்தும்போதெல்லாம் சொல்ல நினைப்பேன். பாடத்திட்டத்தில் இடமில்லை.

உங்களுக்கு இரண்டு பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் உங்களுக்குப் பிடிக்காது. சினிமாக் கம்பெனி வைத்த பெயர் உங்கள் குடும்பத்துக்குப் பிடிக்காது. இந்த மடலில் இரண்டையும் எழுதப்போவதில்லை. ஆனால் உங்கள் சாவு அன்று அவற்றில் ஒரு பெயரைச் சொல்லவே விடக்கூடாது என்று ஒரு முயற்சி நடந்தது. நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள் என்றாலும், பெட்டிக்குள் படுத்திருந்ததால் எல்லாவற்றையும் பார்த்திருக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

மிஷன் பள்ளித் தலைமையாசிரியரின் மகள் நீங்கள். ஞாயிறு பள்ளியில் பாடியவர். பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு மெட்ராஸுக்கு ரயிலேறினீர்கள். கதாநாயகி ஆக்குவதாகச் சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். முதல் நாள் மேக்கப் போட்டு விளக்கின் முன் நிறுத்தியபோது கேமராக்காரர், "இந்தப் பொண்ணு சிரிச்சா பயமா இருக்கு சார்" என்று சொன்னாராம். "அன்னைக்கே எனக்குச் சோத்துக்கு வழி பிறந்துருச்சு டீச்சர்" என்பீர்கள். அதன்பிறகு மாமியார், நாத்தனார், சின்னம்மா, ஜமீன்தாரின் இரண்டாம் தாரம். நீங்கள் உள்ளே வந்தால் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு ஆபத்து என்று கொட்டகையில் கடைசி வரிசை வரைக்கும் தெரியும்.

உங்கள் அப்பா என்ன செய்தார் என்று என் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். தவறிப்போன மகளுக்காக வாராவாரம் சபையில் பெயர் சொல்லி ஜெபிக்கச் சொன்னார். எந்தப் படத்துக்கும் அப்படி ஒரு விளம்பரம் கிடைத்திருக்காது. காலையில் உருக்கமாக ஜெபித்த சபை மூப்பர்கள் சாயங்காலம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தியேட்டரின் பின்வரிசையில் போய் உட்கார்ந்து, யாருக்காக ஜெபித்தோம் என்பதை நேரில் சரிபார்த்துக்கொண்டார்கள். சில பாவங்களுக்கு இரண்டாம் முறை சரிபார்ப்பும் தேவைப்பட்டது.

ஒருநாள் நடிப்பதை நிறுத்திவிட்டு ஊர் திரும்பினீர்கள். காரணம் கேட்டேன். "கலர்ப் படம் வந்துச்சு. என் மூஞ்சில இருந்த கெட்டதனமெல்லாம் ரோஸ் கலராப் போச்சு" என்றீர்கள். சரி, மெட்ராஸிலேயே இருந்திருக்கலாமே, ஏன் மதுரை? "எந்த ஊர்ல என்னைய அதிகமாத் திட்டுனாங்களோ அங்கதான வரணும்? மத்த ஊர்ல எனக்கு யாரத் தெரியும்?"

தம்பி குடும்பத்தோடு தங்கவில்லை. அவர்களும் வற்புறுத்தவில்லை. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. தேனி, போடி, கம்பம் என்று கண்டக்டர்கள் கூவுகிற சத்தம் விடியற்காலையிலேயே ஜன்னல் வழியாக வரும். "படுத்துக்கிட்டே ஊர் சுத்தலாம் டீச்சர்" என்று உங்களுக்கு அதில் பெருமை.

நான் உங்களோடு பழக ஆரம்பித்தது காய்கறிக் கடையில். சபையில் உங்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் யாரும் உட்காராததால் உங்கள் பெஞ்ச் எப்போதும் விசாலமாக இருக்கும். ஆனால் பேசியதில்லை. பஸ் ஸ்டாண்ட் வாசலில் சாக்கு விரித்துக் காய் விற்கும் பாண்டியம்மா திருவாதவூரில் பிறந்து ஆரப்பாளையத்தில் வாக்கப்பட்டவர். சின்ன வயதில் ஊரில் டூரிங் கொட்டகையில் நீங்கள் திரையில் வந்தால் பெண்கள் பக்கத்திலிருந்து முதல் பிடி மண்ணை எறிந்தது தான்தான் என்று இன்றைக்கும் மார்தட்டிக்கொள்வார். நீங்கள் வந்து குனிந்து கத்திரிக்காயை எடுத்தீர்கள். அவர் உங்கள் கையிலிருந்து அதைப் பிடுங்கினார்.

"உனக்குக் காய் கெடையாது. போ."

"ஏம்மா?"

"மாமியாளுக்குப் பால்ல வெசம் வச்சவளுக்கு எங்கிட்ட கத்திரிக்கா கெடையாது."

"நான் வெசம் வச்சது மருமகளுக்கு. நான்தான் மாமியா. படத்த ஒழுங்காப் பாரு."

பாண்டியம்மா யோசித்தார். யோசித்துப் பார்த்ததில் சரியாகத்தான் இருந்தது போலிருக்கிறது.

"அந்தக் குதிரவண்டிக்குத் தீ வச்சது?"

"நான்தான்."

"அந்தப் புள்ளையக் கெணத்துல..."

"அதுவும் நான்தான்."

"அம்புட்டும் நீதானா?"

"அம்புட்டும் நான்தான்."

"அரைக் கிலோவா, ஒரு கிலோவா?" என்றார் பாண்டியம்மா. அதோடு கூடக் கொஞ்சம் கறிவேப்பிலையும் வைத்தார். அன்றிலிருந்து அந்தத் தெருவில் உங்களுக்கு வில்லியக்கா என்று பெயர்.

அங்கே நின்றுகொண்டிருந்த நான், கோபம் வரவில்லையா என்று உங்களிடம் கேட்டேன். அதுதான் நான் உங்களிடம் பேசிய முதல் வார்த்தை. "எதுக்குக் கோவம்? இம்புட்டு வருசம் கழிச்சும் வெசத்த மறக்கல பாருங்க. அந்தப் படத்துக் கதாநாயகிய யாருக்காச்சும் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, "நீங்க நம்ம சபைல செத்தவங்களப் பத்தி எழுதுற டீச்சர்தானே?" என்றீர்கள்.

ஆமாம். அதுவும் என் வேலையாக இருந்தது. நம் சபையில் யார் இறந்தாலும் ஆராதனையில் வாழ்க்கைக் குறிப்பு ஒன்று வாசிப்பார்கள். பிறப்பு, ஞானஸ்நானம், படிப்பு, ஊழியம், பிள்ளைகள், கர்த்தருக்குள் நித்திரை. தமிழ் டீச்சர் என்பதால் அது என் தலையில் விழுந்தது. நான் எழுதிய காலத்தில் நம் சபையில் கெட்டவர் ஒருவர்கூட இறக்கவில்லை. மனைவியோடு வாழ்நாள் முழுக்கப் பேசாதவரை 'அமைதியான சுபாவம் உடையவர்' என்று எழுதினேன். பக்கத்து வீட்டு வேப்பமரத்தை ராவோடு ராவாக வெட்டிச் சாய்த்தவர் என் கைப்பட்டு 'சுற்றுப்புறத்தின் மேல் அக்கறை கொண்டவர்' ஆனார். இதில் பொய் ஒன்றும் இல்லை. அக்கறை இல்லாதவன் ஏன் மரத்தை வெட்டப்போகிறான்?

நீங்கள் ஒரு வாழ்க்கைக் குறிப்பையும் தவறவிட மாட்டீர்கள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு விமரிசனம் சொல்வீர்கள். "இன்னைக்கு ரொம்ப ஓவரு டீச்சர். அந்தம்மா மருமகளப் படுத்துன பாட்ட நான் மூணு படத்துல பண்ணிருக்கேன். நீங்க என்னடான்னா 'மருமகளை மகளாக நேசித்தார்'ங்கிறீங்க. மகளையும் அப்பிடித்தான் படுத்துச்சுன்னா சரிதான்."

நீங்கள் எப்படி நடித்தீர்கள் என்பதை அந்தப் பேச்சுகளின் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன். மெட்ராஸில் டைரக்டர்கள் சொல்லிக்கொடுத்த கண் உருட்டலும் பல் கடிப்பும் உங்களுக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் நம் சபையிலிருந்து ஒரு பெண்மணியை மனதில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள். ஒற்றைப் புருவம் மட்டும் மெதுவாக மேலே ஏறுகிற அந்தப் பார்வை மாதர் சங்கத்துப் பழைய பொருளாளர் அம்மாவுடையது. சிரித்துக்கொண்டே இல்லை என்று சொல்வது மிஷன் ஹாஸ்டல் வார்டனிடமிருந்து எடுத்தது. கைப்பிடித் தூசியைத் தடவிப் பார்க்கும் அந்த விரல் உங்கள் அம்மாவுடையது. "கத்துறவ வேலைக்காரி டீச்சர். துண்ட மடிச்சுக்கிட்டே பேசுறவதான் வீட்டுக்காரி" என்று சொல்லிக்கொண்டே ஒருமுறை என் வீட்டுத் துண்டை எடுத்து மடித்துக் காட்டினீர்கள்.  நான் ஒன்றுமே செய்யாமல் மன்னிப்புக் கேட்டுவிடுவேன் போலிருந்தது.

அந்தப் பொருளாளர் அம்மாவும் உங்கள் படத்தைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு வந்து, "இப்பிடிப்பட்ட பொம்பளைங்களை எங்கதான் புடிக்கிறானுங்களோ" என்று ஒற்றைப் புருவத்தை உயர்த்தி வியந்தாராம். இதைச் சொல்லும்போது மட்டும்தான் நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்துப் பார்த்திருக்கிறேன்.

ஒரு சாவுக்குப் போய்விட்டு ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம்.  சிக்னலில் ஆட்டோ நின்றபோது கேட்டீர்கள்.

"எனக்கும் நீங்கதானே எழுதுவீங்க?"

"என்னக்கா இப்பவே?"

"சொல்லி வைக்கிறேன். நல்லவ, வல்லவ, ஜெபத்துல தரிச்சிருந்தான்னு ஒரு வார்த்த போட்டீங்க, பொட்டிலருந்து எந்திரிச்சு வந்துருவேன். கெட்டவளா நல்லா நடிச்சான்னு போடுங்க. போதும். வேற என்னத்தப் பண்ணேன் நான்?"

நான் சரி என்றேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "அந்தப் பால்ல வெசம் வைக்கிற அம்மாவா நீங்க?" என்றார். "வண்டிய ஓட்டுப்பா, ரோட்டப் பாத்து" என்றீர்கள், அதே குரலில். அவர் வீடு வரைக்கும் ரோட்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

போன மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். பால்காரர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பாண்டியம்மாவிடம் சொல்ல, அவர் எனக்குச் சொன்னார். நான் உங்கள் தம்பி மகன் ஜெயசீலனுக்குச் சொன்னேன். சபைக் கமிட்டியின் செயலாளர். வங்கியில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் மெதுவாக, யாருக்கும் நோகாமல் பேசுவார். அன்று மத்தியானமே என் வீட்டுக்கு வந்தார்.

"டீச்சர், அத்தைக்கு ஒரு பக்கம் போதும். மெட்ராஸ்ல இருந்தத மட்டும் 'சிறிது காலம் சென்னையில் பணியாற்றினார்'னு போட்டுருங்க."

"என்ன பணி தம்பி?"

"பணிதான் டீச்சர்."

"யாராவது கேட்டா?"

"சாவு வீட்ல யாரு கேக்குறா? மகளுக்கு இப்பத்தான் நிச்சயம் ஆயிருக்கு. திருநெல்வேலிச் சம்பந்தி வீட்ல எல்லாரும் வாராங்க. அவங்க குடும்பத்துல மூணு தலைமுறையா போதகருங்க. கொஞ்சம் புரிஞ்சுக்கங்க."

புரிந்துகொண்டேன். புரிந்துகொள்வதுதானே இத்தனை காலமாக என் தொழில். ஆனால் ஒரு மனுஷியின் பாதி ஆயுளை எடுத்து 'சிறிது காலம்' என்று மடித்து வைக்க எனக்குக் கை வரவில்லை. முடியாது என்றேன். நான் எழுதினால் அக்கா எழுதச் சொன்னபடிதான் எழுதுவேன் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. என் மேசை மேல் கிடந்த செய்தித்தாளை எடுத்து நான்காக மடித்தபடியே, "அப்ப நானே எழுதிக்கிறேன் டீச்சர். நீங்க சிரமப்படாதீங்க" என்றார். குடும்பக் கலை எங்கேயும் போய்விடவில்லை, அக்கா.

அடக்க நாளன்று சபைக் கோயிலில் முன் பெஞ்சுகளில் சம்பந்தி வீட்டார். வெள்ளைச் சட்டைகள், கஞ்சி போட்ட புடவைகள். சபையார் நடுவில். எல்லோருக்கும் பின்னால், வாசல் ஓரமாக, பாண்டியம்மாவும் அவரோடு காய்கறி, பூ, பழம் விற்கும் பெண்களும். கடையை மூடிவிட்டு வந்திருந்தார்கள். செருப்பைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு, எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று முன்னால் இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தார்கள். பாட்டு முடிந்தது. ஜெயசீலன் மைக் முன்னால் வந்து வாசித்தார். பிறந்தீர்கள். ஞானஸ்நானம் பெற்றீர்கள். ஞாயிறு பள்ளியில் பாடினீர்கள்.

"...பள்ளிக் கல்வியை முடித்தபின் சிறிது காலம் சென்னையில் பணியாற்றினார். பின்னர் மதுரைக்குத் திரும்பி, ஜெபத்திலும் எளிமையிலும்..."

"என்ன பணி?"

பின்னாலிருந்து பாண்டியம்மா. ஜெயசீலன் நிமிர்ந்து பார்த்தார். நம் கோயிலில் போதகர் கேட்காமல் யாரும் வாய் திறந்ததில்லை. அப்படி ஒன்று நடக்கலாம் என்பதே அவருக்குத் தோன்றியிருக்காது. தொடர்ந்து வாசிக்கப் போனார்.

"என்ன பணின்னு கேக்குறேன்ல? ஆபீஸுல கணக்கு எழுதுச்சா? சொல்லுங்கப்பா. பொட்டில கெடக்குறது எங்க வில்லியக்காதானா, இல்ல நான் வேற சாவுக்கு வந்துட்டனா?"

மூப்பர் ஒருவர் வேகமாகப் பின்னால் போனார். "அம்மா, ஆராதனை நடக்குது. இங்க பேசக்கூடாது."

"செத்தவளும் பேச மாட்டா. நீங்களும் சொல்ல மாட்டேங்கிறீங்க. பெறகு யாருதான் சாமி பேசுறது?"

போதகர் ஐயா சின்ன வயசுக்காரர், நம் சபைக்குப் புதிது. இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவருடைய இறையியல் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் எழுந்து போனேன். ஜெயசீலன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "டீச்சர், வேணாம். தயவுசெஞ்சு" என்றார். 

"நீங்க உக்காருங்க தம்பி" என்றேன்.

கையில் காகிதம் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக மனதில் இருந்ததை அப்படியே சொன்னேன். இந்தச் சகோதரியின் பணி நடிப்பு. இவர் சினிமாவில் நடித்தார், சிறிது காலம் அல்ல, நெடுங்காலம். அங்கே இவருக்கு என்ன பெயர் என்பதைச் சொன்னேன். நம் கோயிலில் அந்தப் பெயர் ஒலித்தது அதுவே முதல்முறை. இவர் பாலில் விஷம் வைத்தார். கர்ப்பிணிகளைத் தள்ளிவிட்டார். உயில்களை எரித்தார். கண் தெரியாதவர்களின் கைத்தடியை ஒளித்து வைத்தார். கெட்டவளாக நன்றாக நடித்தார். நல்லவளாக நடித்ததே இல்லை, சினிமாவிலும் சரி, வெளியிலும் சரி.

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"இந்தக் கலையை அவர் சென்னையில் கற்றுக்கொள்ளவில்லை. இந்தச் சபையில்தான் கற்றுக்கொண்டார். ஒரு புருவத்தை மட்டும் உயர்த்துவது, சிரித்துக்கொண்டே மறுப்பது, துண்டை மடித்துக்கொண்டே ஒருவரை இல்லாமல் ஆக்குவது எல்லாம் இங்கே நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போனவை. யார் யாரிடமிருந்து என்று எனக்குத் தெரியும். நேரம் கருதி விட்டுவிடுகிறேன்."

அக்கா, நீங்கள் எழுந்து பார்த்திருக்க வேண்டும். மாதர் சங்கத்துப் பெஞ்சில் ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் ஒற்றைப் புருவத்தை உயர்த்தினார்கள்.

"ஆத்தாடி!" என்று கையை நீட்டினார் பாண்டியம்மா. "இந்தா இருக்குல்ல! அக்காவோட பார்வ!"

முதலில் பூக்காரப் பெண்கள் சிரித்தார்கள். பிறகு பாடகர் குழுவில் யாரோ. போதகர் ஐயா கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுவதுபோல் தோள் குலுங்க நின்றார். சம்பந்தி வீட்டார் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெயசீலன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் பாண்டியம்மா மண்ணை அள்ளிப் போடும்போது திட்டிக்கொண்டேதான் போட்டார். "எம்புட்டுப் பேர அழ வச்ச! இப்ப எங்களையும் அழ வச்சுட்டுப் போற, பாதகத்தி." டூரிங் கொட்டகையில் ஓங்கி எறிந்த கை, இம்முறை மெதுவாக எறிந்தது.

அடுத்த வாரம் ஜெயசீலன் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "எங்க குடும்பத்தச் சபைல சிரிக்க வச்சிட்டீங்க டீச்சர்" என்றார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் சொன்னதை உங்களுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். "நான் அஞ்சாங்கிளாஸ் படிக்கும்போது வில்லி வீட்டுப் பையன்னு கொடிமரத்துல கட்டி வச்சு அடிச்சாங்க டீச்சர். வாத்தியாரு பாத்துக்கிட்டு நின்னாரு. வீட்ல சொன்னேன். அப்பா அத்தை போட்டோவெல்லாம் எடுத்து அலமாரில வச்சுப் பூட்டிட்டாரு. எனக்கு இந்த வயசுலயும் அந்தப் பேரக் கேட்டா முதுகு எரியுது."

எனக்குத் தெரியாது அது. உங்களுக்கும் தெரிந்திருக்காது. எனக்கு அவர்மேல் அன்று முதல்முறையாக இரக்கம் வந்தது. ஆனாலும் கேட்டேன்: "அடிச்சது ஊர்ப் பையங்க. பாத்துக்கிட்டு நின்னது வாத்தியாரு. அவங்க நிக்கிற வகுப்புப் போட்டோ எல்லாம் இன்னும் பள்ளிக்கூடச் செவத்துல தொங்குது. அத்தை போட்டோவ மட்டும் ஏன் தம்பி பூட்டி வச்சீங்க?" செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அதற்காக நான் கோயிலில் சொன்னதை மாற்றிச் சொல்லத் தோன்றவில்லை.

கல்யாணம் நடந்தது. வாழ்க்கைக் குறிப்பால் கல்யாணம் நிற்கும் என்றால் இந்த ஊரில் ஒருவருக்கும் கல்யாணம் ஆகியிருக்காது. கமிட்டி மட்டும் விடவில்லை. ஆராதனையின் ஒழுங்கைக் குலைத்ததற்காக வருத்தம் தெரிவித்து விளக்கக் கடிதம் தரச் சொன்னார்கள். கோயிலில் நான் பேசியதை அழகான கையெழுத்தில் முழுவதுமாக எழுதி, உங்கள் சினிமாப் பெயரைத் தலைப்பாகப் போட்டு, 'சபைப் பதிவில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்' என்று கீழே எழுதிக் கொடுத்தேன். வருத்தம் எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

அதோடு வாழ்க்கைக் குறிப்பு எழுதும் வேலையிலிருந்து என்னை விடுவித்தார்கள். இப்போது ஒரு மாதிரிப் படிவம் வைத்திருக்கிறார்கள். பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். எல்லோரும் ஒரே மாதிரி நல்லவர்களாக இறக்கிறார்கள். உங்கள் கல்லில் ஞானஸ்நானப் பெயர் மட்டும்தான் இருக்கிறது. இருக்கட்டும். கல் அவர்களுடையது, வாய் என்னுடையது. வகுப்பில் என்னிடம் படித்தவர்கள் தெருவில் பார்த்து, இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், இன்ன நடிகையோடு சிநேகமாக இருந்தேன் என்று உங்கள் பெயரைச் சொல்கிறேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

நீங்கள் எனக்கென்று ஒன்றும் விட்டுப்போகவில்லை. இருந்த புடவைகளைப் பூக்காரப் பெண்கள் பிரித்துக்கொண்டார்கள். என்னிடம் தங்கிவிட்டது உங்கள் சாவில் பாண்டியம்மா கேட்ட அந்தக் கேள்விதான். இப்போதெல்லாம் சாவு ஆராதனைக்குப் போனால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன்.

போன வாரம் ஒரு அம்மாவை அடக்கம் செய்தார்கள். நல்ல வயசு. முன்வரிசை முழுக்கப் பிள்ளைகள்: டாக்டர், என்ஜினியர், கல்லூரிப் பேராசிரியர். மூத்த மகன் படிவத்தைப் பார்த்து வாசித்தார்: "இல்லத்தரசியாக இருந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார்."

நான் எழுந்தேன். "என்ன பண்ணி வளத்தாங்க?"

சபை திரும்பிப் பார்த்தது. மூப்பர் எழுந்தார். மூத்த மகன் காகிதத்தைப் புரட்டினார்; அடுத்த பக்கத்தில் ஒன்றும் இல்லை. நான் உட்காரவில்லை. 

பிறகு முன்வரிசையிலிருந்து அந்த அம்மாவின் சின்ன மருமகள் எழுந்தாள். கணவர் அவள் புடவையைப் பிடித்து இழுத்தார். அவள் அதை அவர் பிடியிலிருந்து விடுவித்துக்கொண்டாள்.

"இட்லி சுட்டு வித்து" என்றாள். "தள்ளுவண்டில. பெரியாஸ்பத்திரி வாசல்ல, வெயிலு மழை பாக்காம. எங்கிட்ட மட்டுந்தான் சொன்னாங்க. வெளிய சொல்லிராத, புள்ளைங்களுக்கு வெக்கமா இருக்கும்னாங்க. எனக்கு வெக்கமா இல்ல."

போதகர் ஐயா, "ஜெபிப்போம்" என்றார்.

ஒருவரும் கண்ணை மூடவில்லை.